ஐரோப்பிய நேரத்தில் ஒரு முதுநிலைப் படிப்பு: பன்னாட்டு எரிசக்தி மேலாண்மையும் கொள்கையும்

ஓசூர் சிப்காட்டில் போல்ட், நட்டு செய்யும் ஆலையொன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாக மின் பராமரிப்பைப் பார்த்துவரும் நான், ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்று இணையவழியில் நடத்தும் பன்னாட்டு எரிசக்தி மேலாண்மை, கொள்கை முதுநிலைப் படிப்பில் சேர்ந்து, வேலையை விடாமலேயே இரண்டரை ஆண்டுகளில் முடித்தேன். சான்றிதழ் சென்ற மாதம் கூரியரில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் என் ஊரான காவேரிப்பட்டணத்துக்கு வந்து சேர்ந்தது. அதைப் பார்த்த நாள் முதல் "எவ்வளவு ஆச்சு, என்ன பிரயோஜனம்?" என்று கேட்காத ஆள் இல்லை என்பதால், கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லும் குறைகளில் பல அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல. இந்த வகைப் படிப்பை இங்கிருந்து படிக்கிற எவருக்கும் நேரக்கூடியவை.

முதலில் பணம். கட்டணம், தேர்வுக் கட்டணம், வங்கிப் பிடித்தம் எல்லாம் சேர்த்துப் பதினோரு லட்சத்துக்கு மேல் ஆயிற்று. தவணைகள் யூரோவில் என்பதால், சேரும்போது நான் போட்ட கணக்கும் கடைசித் தவணையில் நான் கட்டிய தொகையும் ஒன்றாக இல்லை. நாணய மதிப்பு ஏறுவதற்கென்று தனியே கொஞ்சம் ஒதுக்கி வைக்காமல் யாரும் இதில் இறங்க வேண்டாம். அடுத்தது நேரம். வகுப்பு மாலை ஆறு மணி என்று அட்டவணையில் போட்டிருக்கும். அது அவர்களுடைய மாலை. கோடைக்காலத்தில் நமக்கு அது இரவு ஒன்பதரை, அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு பத்தரை. பன்னிரண்டரைக்கு வகுப்பு முடிந்து படுத்து, காலை ஆறரைக்கு ஓசூர் பேருந்தில் ஏறுவது முதல் குளிர்காலத்தில் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. பதிவு செய்த பாடங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் இந்தப் படிப்பில் உருப்படியான பகுதி நேரடி விவாதத்தில்தான் இருக்கிறது.

அந்த விவாதத்தை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். இரண்டாம் பருவத்தில் திரவ இயற்கை எரிவாயு ஒப்பந்தங்கள் பற்றி நான்கு வாரப் பாடம் இருந்தது. கத்தாரின் ராஸ்கேஸ் நிறுவனத்தோடு, அந்த வாயுவை இந்தியாவுக்கு இறக்குமதி செய்யும் பெட்ரோநெட் நிறுவனம் 1999-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஆசிரியர் எடுத்துக்கொண்டார். ஆண்டுக்கு 75 லட்சம் டன், 25 ஆண்டுகள், 2004 முதல் வரத்து. சரக்கை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்டியாக வேண்டும் என்ற விதி. விலை, கச்சா எண்ணெயின் ஐந்தாண்டுச் சராசரியோடு கட்டப்பட்டிருந்தது. 2014-இல் எண்ணெய் விலை சரிந்தபோது அந்தச் சராசரி மட்டும் மெதுவாகத்தான் இறங்கியது. வெளிச்சந்தையில் மலிவாகக் கிடைக்கிற வாயுவுக்கு நாம் பழைய உயர் விலையைக் கொடுக்க வேண்டியதாயிற்று. பெட்ரோநெட் குறைவாக எடுத்தது, அபராதம் ஏறியது. 2015 டிசம்பரில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, சராசரியை மூன்று மாதமாகச் சுருக்கி, ஏறத்தாழ 12,000 கோடி ரூபாய் அபராதத்தைத் தள்ளுபடி செய்துகொண்டார்கள். கத்தார் ஏன் இறங்கி வந்தது, எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மாற்றச் சம்மதிக்கிறவனுக்கு அதில் என்ன ஆதாயம் என்று இரண்டு வாரம் எங்களை வாதாட விட்டார். நான் கத்தார் தரப்பில் இருந்தேன். வாங்குபவன் ஒடிந்து போனால் விற்பவனுக்கும் நஷ்டம் என்பது நம் ஊர் மாங்கூழ் ஆலைக்காரருக்கும் தோப்புக்காரருக்கும் தெரிந்த பழைய பாடம்தான். அதையே பில்லியன் டாலர் கணக்கில் பார்த்தது புதிது. அதே ஒப்பந்தம் 2024 பிப்ரவரியில் 2048 வரை நீட்டிக்கப்பட்ட செய்தியை அந்தப் பாடத்துக்குப் பிறகுதான் முழுதாகப் புரிந்துகொண்டு படித்தேன்.

ஆனால் கப்பல் கரைக்கு வந்த பிறகு அந்தப் பாடம் நின்றுவிட்டது. கொச்சியில் 2013-இல் திறக்கப்பட்ட, ஆண்டுக்கு 50 லட்சம் டன் கொள்ளளவு கொண்ட எரிவாயு இறக்கும் முனையம் பல ஆண்டுகள் பெரும்பகுதி சும்மாவே கிடந்ததற்குக் காரணமாக, ஒரு வரைபடத்தின் கீழே "உள்ளூர் எதிர்ப்பு" என்று இரண்டே சொற்கள் போட்டிருந்தார்கள். அந்த உள்ளூர் என் ஊர். கொச்சியிலிருந்து பெங்களூருக்கு, மத்திய அரசின் எரிவாயு நிறுவனமான கெயில் கொண்டுவர நினைத்த குழாய், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்ட விளைநிலங்களின் ஊடாகப் போக வேண்டியது. விவசாயிகள் எதிர்த்தார்கள், 2013-இல் தமிழக அரசு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போகச் சொன்னது, 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எங்கள் சித்தப்பாவின் மாந்தோப்பு ஓரம் அளவைக்காரர்கள் கல் நட்டுப் போனபோது அவர் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தது எனக்குத் தெரியும். 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி நிலம் அவர் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் போகும் பட்டையில் மரம் வைக்கக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது. இதற்கு அந்தச் சட்டம் தரும் ஈடு, நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து சதவீதம். இருபது வருட மாமரங்கள் நிற்கிற இடத்தில் இனி எள்ளும் கொள்ளும் விதைத்துக்கொள் என்று பத்துக்கு ஒரு பங்கு கொடுத்துச் சொன்னால் யார்தான் ஒப்புவார்கள்?

இதை நான் வகுப்பில் எழுந்து சொன்னேன். ஆசிரியர் மழுப்பவில்லை, அடுத்த வாரம் இருபது நிமிடம் எனக்கு ஒதுக்கி, நீயே பாடம் எடு என்றார். சட்டத்தின் பிரிவுகளையும் சித்தப்பாவின் தோப்புப் படத்தையும் வைத்துப் பேசினேன். உயர் அழுத்த மின்கோபுரங்களுக்கு 2015-ஆம் ஆண்டு மத்திய வழிகாட்டுதலில் ஈடாகக் கோபுர அடிநிலத்துக்கு அதன் மதிப்பில் 85 சதவீதமும், கம்பிக்குக் கீழுள்ள நிலத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் என்று இருந்ததையும், 2024-இல் அவற்றை 200, 30 என்று உயர்த்தியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது, நைஜீரியாவிலிருந்து படித்த ஒரு தோழர் தன் ஊர்க் குழாயின் கதையைச் சொல்லத் தொடங்கினார். அன்று வகுப்பு இரவு ஒன்றேகால் மணி வரை போனது. நான் கொடுத்த பணத்துக்கு இந்த ஓர் இரவு பெரிய அளவில் ஈடு கட்டியது என்றே சொல்வேன். நாம் கொண்டுபோய் வைத்தால் எடுத்துக்கொள்கிறார்கள். வைக்காவிட்டால் அந்த இரண்டு சொற்களோடு பாடம் முடிந்துவிடும்.

வேலைக்கு நேரடியாக உதவியது வேறொன்று. எங்கள் ஆலையின் போல்ட்டில் ஒரு பகுதி ஜெர்மனிக்குப் போகிறது. இறக்குமதிப் பொருளைச் செய்யும்போது வெளியான கார்பனுக்குக் கட்டணம் கேட்பது, சிபாம் என்று எங்கள் ஏற்றுமதிப் பிரிவில் சொல்லப்படும் ஐரோப்பியக் கார்பன் எல்லை வரி. அதன் பட்டியலில் இரும்பு, எஃகோடு 7318 என்ற சுங்க எண்ணில் வரும் போல்ட்டும் நட்டும் இருக்கின்றன. 2023 அக்டோபரில் அறிக்கை கொடுக்கும் காலம் தொடங்கியதும் வாங்குபவர் ஓர் எக்செல் படிவத்தை அனுப்பி, ஒரு டன்னுக்கு எவ்வளவு கார்பன் என்று நிரப்பித் தரச் சொன்னார். முதலாளி அதை என் மேசைக்குத் தள்ளினார், "நீதானே இதையெல்லாம் படிக்கிற" என்று. எங்கள் வெப்பப் பதப்படுத்தும் உலைகள் மின்சாரத்தில் ஓடுகின்றன. ஆகவே மின்சாரத்தைக் குறைத்தால் போதும், கூரையெல்லாம் சூரியத் தகடு போட்டுவிடலாம் என்றுதான் கூட்டத்தில் எல்லோரும் பேசினார்கள். ஒழுங்குமுறையை வரி வரியாகப் படிக்க வைத்த சட்டப் பாடம் இல்லாவிட்டால் நானும் அப்படியே தலையாட்டியிருப்பேன். அறிக்கைக் காலத்தில் மின்சாரத்தால் வரும் மறைமுக உமிழ்வையும் கேட்டார்களே ஒழிய, 2026 முதல் கட்டணத்துக்கு எடுத்துக்கொள்வது, இரும்பு எஃகுப் பொருள்களுக்கு, நேரடி உமிழ்வை மட்டும்தான். அந்த நேரடி உமிழ்வில் பெரும்பங்கு எங்கள் ஆலையில் இல்லை. நாங்கள் வாங்கும் கம்பிச் சுருளில், அதைச் செய்த ஊதுலையில் இருக்கிறது. ஆக, எங்கிருந்து கம்பி வாங்குகிறோம், அவர்களிடம் சரிபார்த்த அளவு இருக்கிறதா என்பதே எங்கள் கேள்வி. கூரைத் தகட்டுக்கு வேறு நியாயம் உண்டு, அது கரண்ட் பில். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் ஒரு பக்கக் குறிப்பெழுதி முதலாளியிடம் கொடுத்தேன். கம்பி ஆலைக்கு அடுத்த வாரமே கடிதம் போனது.

மின்சந்தைப் பாடமும் நன்று. ஆனால் அதை நம் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளும் வேலை நம்முடையது. நிறுவனங்கள் நேரடியாக மின் உற்பத்தியாளரோடு செய்துகொள்ளும் நீண்டகால ஒப்பந்தம் என்று ஸ்பெயினையும் நார்வேயையும் வைத்து அவர்கள் நடத்துவதை, ஓசூரில் நாங்கள் குரூப் கேப்டிவ் என்ற பெயரில் நெடுநாளாகச் செய்துகொண்டிருக்கிறோம்: காற்றாலை நிறுவனத்தில் பயன்படுத்துவோர் எல்லோரும் சேர்ந்து 26 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும், ஆண்டில் உற்பத்தியாவதில் 51 சதவீதத்தையாவது அவர்களே பயன்படுத்த வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டு மின்சார விதிகள். இந்த 26-ம் 51-ம் அவர்கள் பாடத்தில் எங்கும் வராது. நிதிப் பாடத்தில் இன்னும் பெரிய இடைவெளி. அங்கே கணக்குகளில் கடன் வட்டி நான்கு, ஐந்து சதவீதம். எங்கள் தொழிற்பேட்டையில் ஒரு சிறு ஆலைக்கு இரட்டை இலக்கத்துக்குக் கீழே கடன் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். சூரிய மின்சாரத்தில் செலவெல்லாம் முன்கூட்டியே போவதால், வட்டியை நாலிலிருந்து பதினொன்றாக மாற்றிப் போட்டால் யூனிட் விலை எங்கோ போய் நிற்கிறது. அந்த ஒரே கட்டத்தை மாற்றி நான் அனுப்பிய பயிற்சிக்கு நல்ல மதிப்பெண் வந்தது என்றாலும், மறு ஆண்டுப் பாடத்தில் பழைய எண்ணே இருந்ததாக எனக்குப் பின் சேர்ந்தவர் சொன்னார்.

மானியம் பற்றிய பாடம்தான் என்னைச் சங்கடப்படுத்தியது. மின்சாரத்தை விலையில்லாமல் கொடுத்தால் நிலத்தடி நீர் போகும், மின்வாரியம் கடனில் விழும், ஆகவே படிப்படியாக விலை வை என்று பாடம் நேர்கோட்டில் போகிறது. தருமபுரிப் பக்கம் ஆயிரம் அடிக்கு மேல் ஆழ்துளை போட்டும் புழுதி மட்டும் வந்த நிலங்களைப் பார்த்தவன் என்பதால் முதல் பாதியை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் பம்புசெட் இணைப்புகளில் பெரும்பாலானவற்றில் மீட்டரே இல்லை. எவ்வளவு போகிறது என்று தெரியாத ஒன்றுக்கு விலை வைப்பது எப்படி? 1970-களின் தொடக்கத்தில் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவைச் சாலைகளில் மாட்டுவண்டிகளை நிறுத்தி விவசாயிகள் நடத்திய மின்கட்டணப் போராட்டத்தின் நினைவு இருக்கிற மாநிலத்தில் மீட்டர் என்ற சொல்லே ஓர் அரசியல். என் ஆய்வேட்டை இதில்தான் எழுதினேன். வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் கறாரானவர், முதல் வரைவின் ஓரத்தில் "உணர்ச்சி இருக்கிறது, எண் எங்கே?" என்று எழுதி அனுப்பினார். கோபம் வந்தது, பிறகு மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் கீழுள்ள இணைப்புகளை நடந்து நடந்து எண்ணினேன். நல்ல வழிகாட்டி கிடைப்பது இந்தப் படிப்பில் குலுக்கல் சீட்டுதான், எனக்கு விழுந்தது.

இனிக் குறைகள். எரிசக்தித் தணிக்கைப் பாடம் மிகவும் மேலோட்டம். எரிசக்தி மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 50001 தரநிலையின் தலைப்புகளை ஒப்பித்துவிட்டு, ஒரு கம்ப்ரஸரையோ கொதிகலனையோ கையால் அளக்கவிடாமல் முடித்துவிட்டார்கள். நம் மத்திய எரிசக்தித் திறன் செயலகம், அதாவது பி.இ.இ., எரிசக்தி மேலாளர், தணிக்கையாளர் தேர்வுக்காக வெளியிட்டிருக்கும் நான்கு வழிகாட்டி நூல்கள் இதை விடப் பல மடங்கு தெளிவானவை, அவை இணையத்தில் இலவசம். கம்ப்ரஸர் கசிவை எப்படி அளப்பது என்று தெரிய வேண்டுமென்றால் மூன்றாம் நூலைத் திறந்து பாருங்கள். பதினோரு லட்சம் வேண்டியதில்லை.

தேர்வு நிர்வாகம் எனக்குப் பெரிய எரிச்சல். மின்சந்தைத் தேர்வு, கேமரா வழியே கண்காணிப்பு, மே மாதம். அன்று கோடைமழையோடு அடித்த காற்றில் புளியமரக் கிளையொன்று கம்பியில் விழுந்து ஊரே இருண்டது. என் யு.பி.எஸ். நாற்பது நிமிடம் தாங்கியது. தேர்வோ மூன்று மணி நேரம். மின்சாரத்தைப் பற்றிய தேர்வு மின்சாரம் இல்லாமல் நின்ற வேடிக்கையை ரசிக்கும் மனநிலையில் அப்போது நான் இல்லை. மறுதேர்வு கேட்டால், மின்தடைக்கு விநியோக நிறுவனத்தின் எழுத்துச் சான்று வேண்டும், இல்லாவிட்டால் மறுகட்டணம் என்றார்கள். எங்கள் ஊர் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அங்கிருந்த உதவிப் பொறியாளர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, கரண்ட் போச்சுன்னு திட்ட வந்தவங்களைப் பாத்திருக்கேன், சர்டிபிகேட் கேட்டு வந்தது நீதான் முதல் ஆளு" என்று சொல்லிச் சிரித்தபடியே, தடைப்பட்ட நேரம், சீரான நேரம், காரணம் எல்லாம் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். தமிழில் இருந்த அதை மொழிபெயர்த்து, அதற்கும் சான்றொப்பம் வாங்கி அனுப்பினேன். ஏழு வாரம் கழித்து மறுதேர்வு தந்தார்கள். எரிசக்தி கிட்டாமை பற்றி ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்துகிற இடத்தில், அதை அனுபவிக்கிற மாணவனுக்கென்று ஒரு விதி எழுதிவைக்கத் தோன்றவில்லை.

வேலைவாய்ப்பு வழிகாட்டல் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தது, நமக்கு ஒன்றுமில்லை. வந்த வேலை அறிவிப்புகள் எல்லாம் அந்த நாட்டில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கானவை. இணைய நூலகம் மட்டும் அருமை. சேர்க்கைக்கு இடைத்தரகர் தேவையே இல்லை. விண்ணப்பம் நேரடியாகவே போகிறது, ஆனாலும் என்னிடம் ஒரு முகவர் முப்பதாயிரம் வாங்கிக்கொண்டு அதே படிவத்தைத்தான் நிரப்பினார். அரசு வேலைக்கோ கல்லூரி ஆசிரியப் பணிக்கோ இந்தப் பட்டத்தைக் காட்ட எண்ணுகிறவர்கள், இணையவழி வெளிநாட்டுப் பட்டத்துக்கு இங்கே சமநிலைச் சான்று கிடைக்குமா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

யாருக்கு இது பொருந்தும்? ஐந்தாறு ஆண்டுகளாவது ஆலையிலோ மின் துறையிலோ ஏற்றுமதியிலோ கை நனைத்தவர்களுக்கு, தன் மேசைக்கு வரும் ஒவ்வொரு கட்டணமும் விதியும் எந்த நாட்டில் எவர் கையெழுத்தில் தொடங்குகிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு, நான் தயங்காமல் சொல்வேன். கல்லூரியை விட்டு வந்த சூட்டோடு சேர்கிறவர்களுக்குச் சொல்ல மாட்டேன்; வகுப்பில் வைப்பதற்குக் கையில் சரக்கில்லாமல், பாடத்தை அப்படியே விழுங்கிவிடுவார்கள். முழுநேரம் படிக்க முடிந்தால் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எரிசக்தி ஆய்வு நிறுவனம் இருக்கிறது. மின் துறை நிர்வாகமே குறி என்றால் ஃபரீதாபாத்தில் தேசிய மின் பயிற்சி நிறுவனம் நடத்தும் எம்.பி.ஏ. இருக்கிறது. 

எங்கள் பராமரிப்புப் பிரிவில் தருமபுரிப் பையன் ஒருவன், நாலு வருட அனுபவம், என் சான்றிதழைப் பார்த்ததும் தானும் சேரப்போவதாகக் கடன் விசாரிக்கக் கிளம்பினான். உட்கார வைத்து, முதலில் பி.இ.இ. தேர்வை எழுது என்று அந்த நான்கு நூல்களையும் அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது இரண்டாம் நூலில் கொதிகலன் அத்தியாயத்தில் இருக்கிறான். கணக்கில் சிக்கினால் இரவு ஒன்பதரைக்கு மேல்தான் கூப்பிடுகிறான். அந்த நேரத்தில் எனக்கு இப்போது வகுப்பில்லை.